லூசியேனின் ஓம்

நொஷாட்டல் ஏரியின் பிற்பகல் வெளிச்சம் குசினி மேசையில் விரித்த பத்திரிகைத் தாளில் விழுந்து கிடக்கிறது. அதன்மேல், லூசியேன் சாகுமுன் தவச்செல்வனுக்கென்று எழுதிவைத்த பழைய பிஸ்டல், எண்ணெய் மணக்க. இருவரும் சுடும் கழகத்தில் இருபது வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். லூசியேன் பிடித்துக்கொண்ட தமிழ் ஒரே ஒரு சொல், யாழ்ப்பாணத்தார் 'ஆமாம்' என்பதற்குச் சொல்லும் 'ஓம்'. தவச்செல்வனின் குண்டு நடுவில் பட்டால் பிரெஞ்சு மூக்கால் இழுத்து "ஓ...ங்" என்பார். இப்போது மூன்று கிழமையாகப் பிஸ்டல் சண்டித்தனம் செய்கிறது. சுருள்வில்லை மாற்றியாயிற்று, சுடும் ஊசியைத் துடைத்தாயிற்று. வெடிக்காத ஒத்திகைத் தோட்டாவைப் போட்டு இழுத்தால், தோட்டாக்கூடான மகசினிலிருந்து ஏறும் தோட்டா முனை முட்டி நடுவழியில் நிற்கிறது. மகசினின் வாய் விரிந்திருப்பது விரல்நகத்தில் தட்டுப்படுகிறது.

"இதுக்கு இன்னொரு மகசினும் இருந்ததெல்லே?" என்கிறார் தவச்செல்வன்.

வெங்காயம் அரியும் மனைவி மனோகரி திரும்பவில்லை. "சாமித்தட்டில கிடக்கு. துவக்குப் பெட்டி துடைக்கேக்க பாத்தன், ஓம் எண்டு கீறிக் கிடந்தது. சாமியின்ர எழுத்தைத் துவக்குக்குள்ள விடலாமோ?"

முருகன் படத்தடியில், திருநீறு படிந்து, ஒரு செவ்வந்திப் பூவோடு இருக்கிறது அது. ஆணியால் கீறிய கோணல் எழுத்து. புள்ளி மட்டும் பெரிது. இரண்டு மகசினில் எது ஒழுங்காக வேலை செய்யும் என்று லூசியேன் அடையாளம் வைத்திருக்கிறார். தவச்செல்வன் திருநீற்றை ஊதிவிட்டு, செருகி இழுக்கிறார். தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது.

"இஞ்சருங்கோ, சரிவந்திட்டுதோ?"

தவச்செல்வன் ஏரியைப் பார்த்தபடி, மூக்கால் இழுத்து, "ஓ...ங்" என்கிறார்.