தலைகுப்புறப் புதையும் குதிரை

ஒரு வீடியோ கேமுக்குள் அலுத்துப்போன குதிரை ஒன்று இருந்தது. எல்லைப் பாலத்தில் கால் வைத்தால் போதும், தலைகுப்புறக் கல்லுக்குள் புதைந்து, நாலு காலும் வானத்தை உதைக்கும். மூன்று கடல், ஏழு ராஜ்ஜியம் என்று ஆசை ஆசையாக இந்த கேமை உருவாக்க ஆரம்பித்தவர்கள், இந்த ஒரு பாலத்தை உருப்படியாகக் கட்டவில்லை.

கேம் ஆடும் ஷெரினுக்கும் அது தெரியும். பாலத்துக்கு முன்னால் நிறுத்தி, சேவ் செய்துவிட்டுத்தான் குதிரையை விரட்டுவாள். புதைந்ததும், சேவ் செய்த இடத்தை மறுபடி லோட் செய்து குதிரையை வெளியே கொண்டுவருவாள். அதுவரை குதிரை கண்ணை இறுக மூடிக்கொண்டு அவமானத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

ஒருநாள் அவள் வேறு கேமுக்குப் போய்விட்டாள்.

“அங்கே ஒரு புல்கூட கோணலா இருக்காதாம்,” என்றது பாலம்.

“விட்டது தொல்லை. என் கழுத்தாவது தப்பிச்சுது,” என்றது குதிரை.

கொஞ்ச நாளில் ஷெரின் திரும்பி வந்தாள். வந்ததும் வராததுமாகப் பாலத்துக்கு ஓட்டினாள், சேவ் செய்தாள். குதிரை புதைந்தது. ஆனால் லோட் செய்யக் காணோம். என்னதான் செய்கிறாள் என்று குதிரை முதல்முறையாகக் கண்ணைத் திறந்தது.

தலை கல்லைத் துளைத்து அந்தப் பக்கம் வந்திருந்தது; பாலத்துக்கு அடியில் மூன்றாவது கடல் கிடந்தது. அலை இல்லை, கரை இல்லை, பாதிக்கு வண்ணம்கூடப் பூசவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடல். திரைக்கு அந்தப் பக்கம் ஷெரின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எப்பலேருந்து இங்கே இருக்கு?” என்று கேட்டது குதிரை.

“ஆரம்பத்துலேருந்தே. முடிக்காம விட்டுட்டாங்க,” என்றது பாலம்.

குதிரை பெருமூச்சு விட்டது.

“கழுத்து வலிக்குது. ஆனா இப்பவே லோட் பண்ணிடப் போறா, அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு.”