பிசகிய கடிகாரம்

“சொல்லுடி நதியா, எங் கடியாரத்த எம்புட்டு மாத்துன? ஒன் வாயாலயே சொல்லு!”

“சத்தியமா நான் தொடல தேவு. ஏன் இப்படிப் பேசுற?” செல்போனில் நதியாவின் குரல் உடைந்தது.

“இனிமே எங்க பூம்பாறைப் பக்கமே வந்துறாத!” தேவசேனா போனைக் கட்டிலில் எறிந்தாள். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய சிநேகிதம் அதோடு முடிந்தது.

வீட்டிலிருந்தே வானலையில் உலகத்தோடு தொடர்பு கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களுக்கு அந்தமானில் ஒரு மாத முகாம். கொடைக்கானல் வட்டாரத்துக்கு ஒரே ஓர் இடம். போட்டியில் இவளும் நதியாவும். இன்று மாலை ஒரு மணி நேரத்தில் யார் அதிக நிலையங்களைத் தொடர்பு கொள்கிறாரோ அவருக்குத்தான் அந்த இடம்.

இவர்கள் முறையில் செய்தியை அனுப்புவதும் படிப்பதும் கம்ப்யூட்டர்தான். உலகெங்கும் எல்லாரும் ஒரே விநாடியில் தொடங்க வேண்டும். கம்ப்யூட்டரின் கடிகாரம் பிசகினால் சத்தம் காதில் விழும், திரையில் ஓர் எழுத்தும் வராது.

இன்று அப்படித்தான் ஆனது. காலையில் தன் கையாலேயே நேரம் வைத்திருந்ததால், பாவம், தேவசேனாவுக்குக் கடிகாரத்தின் மேல் சந்தேகமே வரவில்லை. “பூண்டு புடுங்குற நேரத்துல ஒரு மாசமா?” என்று முதலில் முணுமுணுத்த கணவன் வேல்ராஜே, “ஏரியல் ஒயர்தான் புள்ள, மேல ஏறி நல்லாப் பாரு” என்று ஏணியைப் பிடித்துக்கொண்டான். போட்டி நேரம் முழுக்கக் கூரை மேலேயே போனது.

இறங்கி வந்து பார்த்தால் கடிகாரம் மூன்று விநாடி பின்னால். மதியம் வாழ்த்துச் சொல்ல வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனவள் நதியா. வேறு யார் செய்திருக்க முடியும்? கடிகாரத்தை உடனே திருத்தினாள். எத்தனை விநாடி என்பதை நதியாவின் வாயிலிருந்தே வரவழைக்கத்தான் போன் போட்டாள். கடைசி வரை வரவில்லை.

ஏணியைக் கொட்டகையில் வைத்துவிட்டு வேல்ராஜ் உள்ளே வந்தான். “என்னாச்சு புள்ள, ஏன் அழுவுற?”

“கடியாரத்த மாத்திப்புட்டாங்க. கூடப் பொறந்தவளாட்டம் நெனச்சேனே... வயிறு எரியுதுங்க.”

அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முந்தானையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டான். இந்த மனுஷனாவது இருக்கிறாரே என்று அவளுக்கு இன்னும் அழுகை பொங்கியது.

“அட, விடு புள்ள. மூணு செகண்டுக்குப் போயா இப்படி அழுவ?”