வரி விடாமல்

“ஒரு வரி விட்டுட்டீங்க, தம்பி.”

ரொட்டி வேன்காரன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். கட்டிலுக்கு அந்தப் பக்கம், மடியில் இன்னொரு வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

“மன்னிச்சுக்குங்கக்கா. எண்ணாகமம் பாருங்க, பேரு பேரா வருது. கண்ணு தானா தாவிடுது.”

“கண்ணு தாவல. மனசு தாவுது. மேல இருந்து வாசிங்க.”

கட்டிலில் அவள் கணவர் கண் மூடிக் கிடந்தார். நீச்சல் குளத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீந்தக் கற்றுக்கொடுத்தவர். இப்போது அந்த அகன்ற தோள்கள் வற்றிப்போய், மூக்கில் குழாயோடு, மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்.

காதில் வசனம் விழுந்துகொண்டே இருந்தால் என்றைக்காவது நினைவு திரும்பும் என்று அக்கா நம்பினாள். மணிக்கணக்காக வாசிக்க அவளுக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. யாராவது போய் வாசிப்பீர்களா என்று போதகர் சபையில் கேட்டபோது முதலில் கை தூக்கியவன் இவன்தான். தங்கமான மனசு என்று சபையே மெச்சியது.

கடைகளுக்கு ரொட்டி எல்லாம் போட்டு முடித்துவிட்டு தினமும் சாயங்காலம் வந்துவிடுவான். வாசலிலேயே அவன் செல்போனை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவிடுவாள் அக்கா. விரலை வரிக்கு அடியில் வைத்து வாசி, வாய்விட்டு வாசி, அலுப்புத் தட்டினால் எழுந்து நின்று வாசி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் அவள். தெருவில் போகும்போது கடைப் பலகையில் எழுத்து தப்பாக இருந்தால்கூட நின்று பார்த்து முகம் சுளித்துவிட்டுத்தான் நகர்வாள். அவளிடம் ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டுத் தப்ப முடியாது.

எத்தனை பழகியும் என்ன? வெளியே மழை பிடித்தால் போதும், அவனுக்கு எழுத்தெல்லாம் கரைந்துபோகும்.

அன்றும் பிடித்துக்கொண்டது.

சில மாதங்களுக்கு முன்னால் இதே மாதிரி மழை, விடியற்காலை. வைப்பர் ஓடியும் தெளியாத கண்ணாடி. திடீரென்று ஒரு சைக்கிள். ‘தட்’டென்று ஒரு சத்தம். அவன் பிரேக்கில் வைத்த காலை எடுத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டான்.

யாரும் பார்க்கவில்லை என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். அக்காவும் போலீஸிடம், ‘நான் போறதுக்குள்ள கீழ கிடந்தார்’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையாம். அவன் சபையில் கை தூக்கியது பாவம் தொலைவதற்காக மட்டும் இல்லை. மனிதர் கண் விழித்தால் என்ன சொல்லுவார் என்று பக்கத்திலேயே இருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

“தம்பி, திரும்பவும் விட்டுட்டீங்க.”

அக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம் கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இத்தனை மாதத்தில் அவள் தாழ்ப்பாள் போட்டதே இல்லை.

“எதுக்குக்கா தாழ்ப்பாள்?”

“சாரல் அடிக்குது. காத்துல திறந்துக்கும். நீங்க வாசிங்க.”

வாசித்தான்.

“இன்னைக்குக் காலைல கண்ணைத் திறந்தார்” என்றாள் அக்கா, புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.

அவன் வாசிப்பதை நிறுத்தினான். “யா... யாரு?”

“வேற யாரு, உங்க அண்ணன்தான். ரெண்டு வார்த்தை பேசவும் செஞ்சார். டாக்டர் வந்து பார்த்துட்டு, தூங்கட்டும் விடுங்கன்னு சொல்லிட்டுப் போனார்.”

“என்னக்கா பேசினார்?”

“எந்த வண்டின்னு கேட்டேன். பின்னால இருந்து வந்துச்சு, எதையுமே பார்க்கலைன்னுட்டார்.”

மாதக்கணக்கில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. “ஸ்தோத்திரம்” என்றான், வாய் தானாக முந்திக்கொண்டு. அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்கப்புறம் அவன் வாசித்தானே, அதுதான் வாசிப்பு! கோத்திரம் கோத்திரமாக, பெயர் பெயராக, மழையின் இரைச்சலுக்கு மேலே குரல் கணீரென்று ஒலித்தது. மனம் ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. அக்கா ஒரு தடவைகூட நிறுத்தவில்லை.

அதிகாரம் முடிந்ததும் அவள் புத்தகத்தை மூடினாள்.

“இன்னைக்குத்தான் தம்பி வரி விடாம வாசிச்சிருக்கீங்க.”

“எல்லாம் நீங்க பழக்கினதுதான்க்கா.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிழை திருத்தும் கண்.

“ஆதியாகமத்துல ஆரம்பிச்சு இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. வாசிக்க வாசிக்க, என்கிட்ட ஏதாவது சொல்லணும்னு ஒரு நாளாவது தோணியிருக்குமே?”

“அப்படி ஒண்ணும் இல்லியேக்கா” என்றான். சிரிக்கக்கூட முடிந்தது. “எதுக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான். நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துட்டிருந்தேன்.” அவள் குனிந்து கணவரின் போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டாள். “அன்னைக்கு இவர் மழைக்கோட்டை மறந்துட்டுப் போயிட்டார். அதை எடுத்துக்கிட்டு நான் பின்னாலேயே ஓடி வந்தேன்.”

அவன் கை வேதாகமத்தின் மேல் அப்படியே நின்றது.

“உங்க வண்டி பின்னால ‘ரொட்டி’க்கு ஒரு புள்ளி இல்ல, தம்பி.”