நாலாவது பம்பு

கருப்புசாமியின் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, காலித் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒர்க்‌ஷாப் தரையில் நிறுத்தினார் பவுல்ராஜ். மொத்தம் ஐந்து.

"ஏலே, ஒருத்தன் குடிக்க இம்புட்டுத் தண்ணி எதுக்கு? நீ என்ன ஒட்டகமாடா?"

"வெயிலுண்ணே. குஜிலியம்பாறையில முருங்கைக்கா ஏத்திட்டு வந்து சேர்றதுக்குள்ள நாக்கு ஒட்டிக்கிருது" என்றான் கருப்புசாமி. பவுல்ராஜின் பிக்கப்பை வாங்கிய நாளிலிருந்து ஓட்டுகிறவன்.

மெக்கானிக் முகமது யாசின் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஃபில்டரிலிருந்து வடித்த டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மேலே டீசல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர்.

"பாத்துக்கங்கண்ணே. எஞ்சினுக்கு டீசலத் தள்ளுற ஹை பிரஷர் பம்புக்கு அந்த டீசல்தான் மசகு எண்ணெயும். அதுல தண்ணி கலந்தா இரும்பும் இரும்பும் உரசித் தூளாயிரும். கம்பெனி பம்பு ஆறு வருஷம் ஓடுச்சு. அதுக்கப்புறம் போட்ட ரெண்டும் ஆறு மாசம் தாங்கல. ரெண்டும் புதன்கிழமையாப் பாத்துப் படுத்திருக்கு."

"நீ மெக்கானிக்கா, கிளி ஜோசியக்காரனா? பம்புக்குக் கிழமை தெரியுமாக்கும்!"

யாரையும் ஒரு பொருட்டாக மதித்துப் பவுல்ராஜுக்குப் பழக்கமில்லை. முதல் பம்பு போனபோது, வண்டி செய்த கம்பெனிக்காரனுக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது என்றார். அப்போது மனைவி ஜெயமேரி பானெட்டில் மந்திரித்த தண்ணீர் தெளித்ததற்கு, "நோவு வயித்துல இருக்கு, நீ நெத்தியில தெளிக்கிற. பெரிய டாக்டரு!" என்று தெருவே கேட்கச் சிரித்தார். இரண்டாவது போனபோது பெட்ரோல் பங்க்காரனைத் திட்டித் தீர்த்தார். இப்போது மூன்றாவதும் போனதில் டிரைவரிடம் வந்து நின்றார்.

"இந்தத் தடவ ஒசந்த ரகப் பம்பாப் போட்டுத் தாரேன். கூடவே தண்ணியப் பிரிக்கிற பெரிய ஃபில்டர் ஒண்ணும் மாட்டிக்கங்க" என்றார் யாசின்.

"பம்பு மட்டும் போடு. முருங்கைக்கா ஏத்துற வண்டிக்குள்ள குடிநீர் வாரியமா நடத்தச் சொல்ற?" சொன்னவரே சிரித்தும் கொண்டார்.

"ஒசந்த பம்பும் தண்ணியக் குடிச்சா சாகத்தாண்ணே செய்யும்."

"தண்ணி ஊத்துற கை என் வண்டிப் பக்கம் இனி வந்தால்ல!" பவுல்ராஜின் பார்வை கருப்புசாமி மேல் நின்றது.

கருப்புசாமி ஓரெட்டு முன்னால் வந்தான். "அண்ணே, போன பம்பு போனப்பவே டேங்க் மூடிக்கு நாகல் நகர் பூட்டுப் பட்டறையில சொல்லிப் பூட்டு வாங்கி மாட்டுனீங்க. டீசல் போடுறப்ப நீங்களே வந்து தொறக்குறீங்க. சாவி உங்க வீட்டு ஆணியில தொங்குது. நான் எப்பிடிண்ணே ஊத்த முடியும்?"

"திண்டுக்கல்ல பொறந்தவனுக்குக் கள்ளச்சாவி போட ஆள் கெடைக்காதாக்கும்! டீசல உறிஞ்சி வித்துட்டு, அளவு காட்டத் தண்ணி ஊத்தி வச்சிருக்க. யாருகிட்ட காது குத்துற?"

கருப்புசாமி தலையைக் குனிந்துகொண்டான். பவுல்ராஜுக்கு அதுவே வாக்குமூலம்.

"வண்டிச் சாவிய வச்சிட்டுக் கெளம்பு."

"போறேண்ணே. ஆனா திருட்டுப் பட்டத்தக் கட்டி அனுப்பாதீங்க. மக தமிழ்மதிக்கு வார மாசம் நிச்சயம் வச்சிருக்கு. மாப்ள வீட்டுக்காரவுக காதுல விழுந்தா அம்புட்டுத்தான்."

"அவுகளும் தெரிஞ்சுக்கிடட்டுமே, எப்பேர்ப்பட்ட சம்பந்தம்னு!"

சொன்னதோடு நிற்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் காய்கறி மார்க்கெட்டில் நாலு கடைக்காரர்களிடம் விலாவாரியாகச் சொல்லி முடித்திருந்தார். மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து, நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம் என்று கருப்புசாமிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது காதுக்கு வந்தபோது, "விவரமான ஆளுக" என்று மட்டும் சொன்னார் பவுல்ராஜ்.

ஆறாம் நாள் வண்டி தயாரானது. வெள்ளோட்டம் பார்க்கிறேன் என்ற யாசினைக் கையமர்த்திவிட்டு, டேங்கை நிரப்பி, பூட்டைத் தானே பூட்டி, தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ரயில்வே பாலத்தின் ஏற்றத்தில் நாலாவது பம்பு முனகக்கூட இல்லை. வாசலில் நிறுத்திவிட்டு, டேங்க் சாவியை மாதா படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார்.

அவர் குளித்துவிட்டு வந்தபோது, கோயிலுக்குப் போயிருந்த ஜெயமேரி திரும்பி வந்து இலை போட்டிருந்தாள்.

"பாத்தியா? திருட்டுப்பயல வெரட்டுனதும் வண்டி குதிரையாட்டம் வருது. ஒலகத்துல எனக்கு மட்டுந்தான் மூளை இருக்குன்னு நெனக்கிறேன்" என்று சோற்றைப் பிசைந்தார்.

"சரிங்க" என்ற ஜெயமேரி, முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துப் பழையபடி ஆணியில் மாட்டினாள்.

பவுல்ராஜின் கை பாதி வழியில் நின்றது. "டேங்க் சாவி உன்கிட்ட எதுக்கு?"

"நெத்தியில தெளிச்சா வயித்து நோவு தீராதுன்னு நீங்கதான சொன்னீங்க? அன்னையிலருந்து செவ்வாக்கெழம தவறாம மந்திரிச்ச தண்ணிய உள்ளதாங்க ஊத்துறேன்."

கோயில் பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து, கழுவி வைப்பதற்காகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"புதுப் பம்புல்ல, இன்னைக்கு முழுசா ஊத்திட்டேன்."