புருவத்தில் ஓர் ஆமாம்

அறையில் மூன்று பேர்: பள்ளியில் சேரும் குழந்தைகளின் வளர்ச்சியைச் சோதிக்க ஆக்லாந்திலிருந்து வந்திருக்கும் ஹேசல், ஐந்து வயது மாசினா, அவளுடைய அம்மா லோசா. பதில் சொல்லாத பிள்ளைக்கு இந்த வருடம் முதல் வகுப்பு கிடையாது. குறுக்கே பேசக் கூடாது என்று லோசாவிடம் முதலிலேயே சொல்லியாகிவிட்டது. ஜன்னல் வழியே கொப்பரை காயும் வாசம் வருகிறது. மின்விசிறி திரும்பும்போதெல்லாம் மேசைத் தாள்கள் படபடக்கின்றன. ஹேசல் குனிந்து அவற்றை அழுத்திப் பிடித்தபடியே கேட்கிறாள். "பிள்ளைங்களோட விளையாடுவியா?" மாசினா இரண்டு புருவங்களையும் உயர்த்துகிறாள். அது ஆமாம். இந்தச் சமோவாத் தீவில் ஆமாம் சொல்ல யாரும் வாயைத் திறப்பதில்லை. "தம்பியப் பாத்துக்குவியா?" புருவங்கள் இன்னும் மேலே ஏறுகின்றன. தாளில் பதில் எழுத வேண்டிய இடத்தில் பேனா ஒரு கோடு கிழிக்கிறது. மகள் ஒரு கேள்வியையும் விடவில்லை என்று லோசாவுக்குப் பூரிப்பு. "வீட்ல நல்லா பேசுவாளா?" இப்போது லோசாவின் புருவங்கள் உயர்கின்றன. ஹேசல் பெருமூச்சு விட்டு இன்னொரு கோடு கிழிக்கிறாள். "சரி, போகலாம். நான் சாப்பிடணும்." வாசல் தாண்டியதும் லோசா மகளின் தலையைக் கோதுகிறாள். "கெட்டிக்காரிடி நீ! எல்லாத்துக்கும் டக்குடக்குன்னு சொல்லிட்ட." "அந்த அக்கா நிமிந்தே பாக்கலம்மா." லோசாவின் கை மகளின் தலையிலேயே நிற்கிறது. அவள் திரும்புவதற்குள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டு, உள்ளே தாழ் விழுகிறது.