ஏழு தையல்

"இவரு முன்ன மாதிரி இல்ல டாக்டர். மண்டைக்குள்ள என்னமோ ஆயிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே திரிபுரசுந்தரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில், நெற்றியில் ஏழு தையல் போட்ட தழும்போடு, கணவர் நவநீதன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நிதானமா சொல்லுங்க டீச்சர்" என்றார் டாக்டர் சித்திக்கா. திரிபுரசுந்தரி குரும்பகரம் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். அதை யாரும் டாக்டருக்குச் சொல்லவில்லை. கணவர் கை கட்டியிருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் நெடுங்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இருவரும் ஸ்கூட்டரில் திரும்பினார்கள். ரோட்டில் பாதியை மறித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். சக்கரம் அதில் ஏறிச் சறுக்கியது. நவநீதன் மைல்கல்லில் போய் முட்டினார். ஹெல்மெட் வண்டிக் கொக்கியில் பத்திரமாக இருந்தது. திரிபுரசுந்தரி நெல்லின் மேலேயே விழுந்ததால் ஒரு சிராய்ப்புகூட இல்லை. பட்டுப்புடவையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தையல் போட்ட ஆஸ்பத்திரியில், "தலையில அடின்னா உடனே தெரியாதும்மா. ஒரு மாசம் கழிச்சுகூட உள்ள ரத்தம் கசியலாம். தலைவலி, மறதி, நடத்தையில மாத்தம், எது இருந்தாலும் உடனே வந்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாளிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உறவுக்காரர்கள் படையெடுத்தார்கள். கட்டுப் போட்ட நெற்றியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள், காபி குடித்தார்கள், "நல்லவேளை, உனக்கு ஒண்ணும் ஆவல" என்று அவளிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள். காபி போட்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவள் கணவரையே கண்காணித்து ஒரு நோட்டில் எழுதி வைத்தாள்.

இப்போது அந்த நோட்டைப் பிரித்தாள்.

"டிவிய அலற விடறாரு. அந்தச் சத்தத்துல விடிஞ்சா போதும், எனக்குத் தலை வெடிக்குது. அப்புறம் மறதி. எங்கண்ணன் வர்றதா போன் வந்துச்சுன்னு என்கிட்ட சொல்லிட்டேன்னு சாதிக்கிறாரு. சொல்லவே இல்ல டாக்டர்! அண்ணன் பெட்டியோட வாசல்ல நிக்கிறாரு, நான் முழிக்கிறேன்."

"ம்."

"பீரோ சாவிய இடம் மாத்தி மாத்தி வைக்கிறாரு. ஒரு நா அரிசி டின்னுக்குள்ள கெடந்துச்சு. சாம்பாரு உப்பு கரிக்குதுங்கிறாரு, நாக்கும் போச்சு."

"வேற?"

"டிவிய அலற விடறாரு" என்று அடுத்த பக்கத்தை வாசித்தாள்.

நவநீதன் தரையைப் பார்த்தார்.

"எல்லாத்தையும்விட இதுதான் பெருசு, டாக்டர். எதுத்துப் பேசறதே இல்ல. இருபத்தாறு வருஷமா நான் கெழக்குன்னா இவரு மேற்கும்பாரு. இப்ப எது சொன்னாலும் மண்டைய ஆட்டறாரு. ஆஸ்பத்திரின்னாலே ஓடுற மனுஷன், நேத்து நான் சொல்லி வாய மூடல, சட்டைய மாட்டிக்கிட்டு நிக்கிறாரு."

"அப்படியா சார்?"

"டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் நவநீதன்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்றவளுக்குக் குரல் சட்டென்று உடைந்தது. "பொண்ணு துபாய்ல இருக்கா. இவரை விட்டா எனக்கு யாரு இருக்கா? சண்டை போட்டாலும் பரவாயில்ல, பழைய ஆளா ஆக்கிக் குடுத்துடுங்க." அவள் நிஜமாகவே பயந்து போயிருந்தாள்.

டாக்டர் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறகு எழுந்து முன்னால் வந்தார். "சார், ரெண்டு கையையும் நீட்டுங்க. உள்ளங்கை மேல பாத்து இருக்கட்டும். கண்ணை மூடிக்குங்க. டீச்சர், நீங்களும் கூடவே செய்ங்க. அவருக்குக் கூச்சமா இருக்காது."

கோயிலில் சுண்டல் வாங்குகிற மாதிரி இருவரும் கையை நீட்டிக் கண்ணை மூடினார்கள். டாக்டர் இருபது வரை எண்ணினார். மூன்று கைகள் அசையாமல் நின்றன. ஒன்று மட்டும் மெல்லத் திரும்பிக் கீழே இறங்கியது.

"போதும்" என்று டாக்டர் மணியை அடித்தார். "தலைய இப்பவே ஸ்கேன் எடுத்துடலாம். பயப்படாதீங்க. கசிவு இருந்தாலும் சரி பண்ணிடலாம். நல்ல நேரத்துல வந்துட்டீங்க."

நர்ஸ் அமுதம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நான்தான் சொன்னேனே!" திரிபுரசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கணவரின் தோளைப் பிடித்து நாற்காலிப் பக்கம் தள்ளினாள்.

"அவரு இல்ல டீச்சர்" என்றார் டாக்டர். "நீங்க உக்காருங்க."

"நானா? எனக்கென்ன? நான் நெல்லு மேலல்ல விழுந்தேன்!"

"நெல்லு மேல விழுந்தாலும் உள்ள குலுங்கும். அதுல தோல் தப்பிச்சிருக்கு, அவ்வளவுதான். டிவி விஷயத்தை இந்த நோட்டுல ஒம்போது தடவை எழுதியிருக்கீங்க. இப்ப தானா கீழ எறங்குனதும் உங்க கைதான்."

திரிபுரசுந்தரி ஒன்றும் புரியாமல் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். நவநீதன் அவளுடைய வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தாலும் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு இருந்தது.

"உனக்குத்தான்னு சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"