சம்பந்திக்குக் காட்டிய சிவப்பு

கனடாவில் இருக்கும் சம்பந்தி தணிகாசலம், ஆண்டுதோறும் தன் வீட்டு மேப்பிள் மரம் சிவப்பதை வீடியோவில் காட்டிக் காட்டி மாய்ந்துபோவார். அவர் வாயை அடைக்கத்தான் வைரவேல் வாசலில், இலை பழுத்தால் செக்கச்செவேலென்று ஆகும் நாட்டு வாதுமை மரம் நட்டார். இந்தத் தை மாதம் அது சூரியனே வெட்கப்படும்படி சிவந்துவிட்டது. சம்பந்திக்கு வீடியோ அழைப்பைப் போட்டபடி வாசலுக்கு ஓடினார். மரம் மொட்டையாக நின்றது.

"சம்பந்தி பாக்கப் போறார்னீங்களே, பழுத்த இலையெல்லாம் உலுக்கிக் கொளுத்திட்டேன். இப்பப் பாருங்க, வாசல் எவ்வளவு சுத்தம்!" என்றாள் மனைவி கமலவேணி.

அதிர்ச்சியில் வைரவேல் கையிலிருந்த போன், எரியும் இலைக் குவியல் பக்கம் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்துத் தணிகாசலம் எடுத்துவிட்டார்.

"அடேயப்பா! என்ன சிவப்புங்க உங்க மரம்! எங்க மேப்பிள் கிட்டகூட நிக்காது சம்பந்தி!"

வைரவேல் மூச்சுவிடாமல் போனை அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தார். தீ அடங்கிக்கொண்டிருந்தது.